வீட்டிலேயே டிவிடி எழுதலாம்: காலி வட்டு முதல் உப்புக்காற்று வரை

கீழக்கரையில் ஒரு நிக்காஹ் முடிகிறது. வீடியோக்காரர் பென்டிரைவில் நான்கு எம்பி4 கோப்புகளைத் தந்துவிட்டுப் போகிறார். அவற்றைக் காலி டிவிடிக்குள் இழுத்துப் போட்டு எழுதி, ராத்தா (அக்கா) வீட்டுப் பழைய பிளேயரில் போட்டால் 'நோ டிஸ்க்' என்று வருகிறது. உடனே திட்டு விழுவது காலி டிவிடி விற்ற கடைக்காரருக்கு. அவர் மேல் தப்பில்லை. வட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அதில் எழுதிய விதம்தான் அந்தப் பிளேயருக்குப் புரியவில்லை.

வட்டு வேறு, வட்டில் எழுதும் வடிவம் வேறு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை. மீதிக் கால்வாசிக்கு இராமநாதபுரம் கரையோரத்தின் உப்பும் ஈரமும் மின்வெட்டும் பொறுப்பு.

டிவிடி தேவைதானா?

வீட்டு டிவியில் யுஎஸ்பி துளை இருந்து, பார்க்கப் போவது நீங்கள் மட்டும்தான் என்றால் பென்டிரைவே போதும். டிவிடிக்கு இன்னும் சில இடங்களில் வேலை இருக்கிறது. பிளேயர் மட்டுமே வைத்திருக்கும் பெரியவர்கள் வீடு, சொந்தபந்தம் இருபது பேருக்கு ஆளுக்கொரு பிரதி கொடுப்பது, சிடியில் கொண்டுவா என்று கேட்கும் அலுவலகம், தெரியாமல் அழித்துவிட முடியாத ஒரு இரண்டாம் பிரதி ஆகியவை அவற்றில் முக்கியம். எழுதி மூடிய (இனி எதையும் சேர்க்க முடியாதபடி முடித்த) வட்டை வைரஸும் தொட முடியாது, வீட்டுப் பிள்ளைகளும் ஃபார்மட் பண்ண முடியாது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இங்கே எழுதியிருப்பது உங்கள் வீட்டு வீடியோவுக்கான வழி. கடையில் விற்கும் சினிமாப் படத்தை நகலெடுப்பது சட்டப்படி குற்றம். அது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை.

வட்டு வகைகள்

சிடி, டிவிடி, புளூரே மூன்றும் 12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் தடிமன். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் படிக்கும் ஒளி வேறு. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, புளூரேக்கு 405. ஒளியின் அலைநீளம் குறையக் குறைய எழுத்தைப் பொடியாக எழுதலாம். அதனால்தான் சிடியில் 700 எம்பி, டிவிடியில் 4.7 ஜிபி, புளூரேயில் 25 ஜிபி. டிவிடி பிளேயரில் புளூரே ஓடாததற்கும் இதுவே காரணம். அந்த ஒளி அதற்குள் இல்லை.

சிடியில் தகவல் இருக்கும் அடுக்கு, பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது. அடிப்பக்கம் லேசாகக் கீறினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மேல்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் போனது போனதுதான். டிவிடி அப்படியல்ல. 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டி, நடுவில் அந்த அடுக்கை வைத்திருக்கிறார்கள். கீறலைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் ஓரத்தில் ஒட்டு விட்டுப்போனால் ஈரம் உள்ளே புகும். உறையிலிருந்து எடுக்கும்போது வட்டை வில்லாக வளைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். உறையின் நடுவில் உள்ள மொட்டை விரலால் அழுத்தினாலே வட்டு கழன்று வரும்.

கடையில் கேட்கும்போது வரும் பெயர்க் குழப்பம் இது. 'ஆர்' என்றால் ஒரு தடவைதான் எழுதலாம். 'ஆர்டபிள்யூ' என்றால் அழித்து அழித்து எழுதலாம். 'மைனஸ் ஆர்', 'பிளஸ் ஆர்' என்ற இரண்டும் இரண்டு நிறுவனக் கூட்டணிகள் தனித்தனியே கொண்டுவந்த வகைகள். மைனஸ் மூத்தது, பிளஸ் பிறகு வந்தது. இன்றைய ரைட்டர்கள் (வட்டில் எழுதும் கருவிகள்) இரண்டையும் எழுதும். ஆனால் பத்துப் பதினைந்து வருடப் பழைய பிளேயரில் ஓட வேண்டுமென்றால் மைனஸ் ஆர் வாங்குவதே பத்திரம். ஆர்டபிள்யூ வட்டு ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். அதைப் பழைய பிளேயர்கள் பல அடையாளமே காணாது. பழகிப் பார்க்க ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறருக்குக் கொடுக்க வேண்டாம். 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு வட்டுகளும் உண்டு. விலையும் கூட, எழுதும்போது கெடுவதும் கூட. பழகும்வரை தொட வேண்டாம். மூன்று மணி நேர வீடியோவை இரண்டு சாதா வட்டில் பிரித்துப் போடுவது நல்லது.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் கடையெல்லாம் தொங்கிய மோசர் பேர் வட்டுகள் இப்போது புதிதாக வருவதில்லை. அந்த நிறுவனம் 2018இல் கலைக்கப்படும் நிலைக்குப் போனது. யாராவது மலிவாகத் தந்தால் அது பழைய சரக்கு. எழுதாத வட்டும் வெறுமனே இருந்தே வயதாகும் என்பதால் அப்படிப்பட்டதில் முக்கியமானதை எழுதாதீர்கள்.

வட்டுக்குள் என்ன எழுதுகிறோம்

ஒரே காலி டிவிடியில் குறைந்தது இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று தரவு டிவிடி. பென்டிரைவில் போடுவதுபோல எம்பி4, புகைப்படம், ஆவணம் எதையும் அப்படியே போடுவது. கணினியில் திறக்கும். பிளேயரில் ஓடுமா என்பது பிளேயரின் புண்ணியம். டிவ்எக்ஸ் முத்திரை உள்ள பிளேயர்கள் பழைய ஏவிஐ கோப்புகளை ஓட்டும். இன்றைய போன்கள் எடுக்கும் எம்பி4ஐ பெரும்பாலும் ஓட்டாது.

இன்னொன்று வீடியோ டிவிடி. இதற்கு விதிகள் கறார். படம் எம்பெக்-2 வகையில், நம் ஊர் முறைப்படி 720 க்கு 576 புள்ளிகளில், நொடிக்கு 25 சட்டங்களில் (ஃபிரேம்) இருக்க வேண்டும். ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் ஏசி3, எம்பி2 அல்லது பிசிஎம். கோப்புகள் 'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறைக்குள், ஐஎஃப்ஓ, பியுபி, விஓபி என்ற மூன்று வகையாக இருக்கும். விஓபிதான் படம், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாது. ஐஎஃப்ஓ வழிகாட்டி, பியுபி அந்த வழிகாட்டியின் நகல். இந்தக் கோப்புறை வட்டின் முதல் நிலையிலேயே இருக்க வேண்டும். 'எங்கள் கல்யாணம்' என்று ஒரு கோப்புறை போட்டு அதற்குள் இதை வைத்தால் கணினியில் ஓடும், பிளேயர் கைவிரிக்கும்.

மேலே சொன்ன 576 புள்ளி, 25 சட்டம் என்ற முறைக்கு 'பால்' என்று பெயர். குடிக்கிற பால் இல்லை, டிவி முறையின் பெயர். வளைகுடாவில் துபாய், தோஹா, கிழக்கே மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே பால் வழக்கம் உள்ள இடங்கள்தான். நம்மூர் டிவிடி அங்கே ஓடும். அமெரிக்கா, கனடா, ஜப்பானுக்கு அனுப்பினால் மட்டும் என்டிஎஸ்சி முறையில் தனியாக ஒன்று செய்ய வேண்டும். எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று எண் போட்டுக் கட்டுப்படுத்தும் 'ரீஜன்' பூட்டு கடைப்படங்களுக்கு உள்ளது. இந்தியா 5, வளைகுடா 2, மலேசியா 3. நாம் வீட்டில் செய்வதில் அந்தப் பூட்டே இருக்காது.

விண்டோஸில் காலி வட்டைப் போட்டதும் ஒரு சிறு சன்னல் வந்து, யுஎஸ்பி டிரைவ்போலவா, சிடி டிவிடி பிளேயரோடா என்று கேட்கும். இரண்டாவதைச் சொடுக்கினால் வீடியோ டிவிடி வந்துவிடும் என்று நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். இரண்டுமே தரவு வட்டுதான். இரண்டாவது, வட்டை முறையாக மூடித் தரும், அவ்வளவே. வீடியோ டிவிடி செய்யும் மென்பொருள் விண்டோஸ் 7 வரை கூடவே வந்தது. 8இலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கருவி

பழைய லேப்டாப் வாங்குபவர்கள் டிரேயின் முகப்பைப் பார்க்க வேண்டும். 'காம்போ' என்று இருந்தால் அது டிவிடியைப் படிக்கும், சிடியை மட்டுமே எழுதும். 'டிவிடி ரோம்' எதையும் எழுதாது. 'டிவிடி ரைட்டர்' அல்லது 'டிவிடி ஆர்டபிள்யூ' என்று இருக்க வேண்டும்.

புது லேப்டாப்களில் டிரேயே இல்லாததால் யுஎஸ்பியில் செருகும் மெல்லிய ரைட்டர்தான் வழி. இதில் ஒரு பொறி உண்டு. யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியர்தான் தர வேண்டும் என்பது விதி. எழுதும்போது ரைட்டர் அதைவிட அதிகம் இழுக்கும். படிக்கும்போது ஒழுங்காக ஓடி, எழுதத் தொடங்கியதும் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றால் காரணம் கரண்ட் போதாமை. இரண்டு யுஎஸ்பி முனை உள்ள கேபிளைப் பயன்படுத்துங்கள், அல்லது நீலநிற யுஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் செருகுங்கள். பல முனை ஹப் வழியாக, நீளக் கேபிள் போட்டு எழுதுவது வட்டை வீணாக்கும் எளிய வழி.

மென்பொருள் மூன்று போதும், மூன்றும் இலவசம். போன் வீடியோவைச் சீராக்க ஹேண்ட்பிரேக், வீடியோ டிவிடியாக அமைக்க டிவிடி ஸ்டைலர், வட்டில் எழுத ஐஎம்ஜிபர்ன். லினக்ஸ்காரர்களுக்கு ஐஎம்ஜிபர்னுக்குப் பதில் கே3பி. நிறுவும்போது கூடவே வேறு ஏதாவது மென்பொருளைத் திணிக்கப் பார்த்தால் அந்தக் குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். ஐஎம்ஜிபர்னின் கடைசிப் பதிப்பு 2013இல் வந்தது. பழையதாயிற்றே என்று தயங்க வேண்டாம், டிவிடியும் அதற்குப் பிறகு மாறவில்லை.

எத்தனை நிமிடம் கொள்ளும்?

முதல் குழப்பம் எண்ணில். வட்டில் 4.7 ஜிபி என்று அச்சடித்திருக்கும், விண்டோஸ் 4.38 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1000ஆல் பெருக்கி எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆல். வட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால் ஓரம்தான் கடைசியில் நிரம்பும். பிழை அதிகம் வருவதும், விரல் ரேகை படுவதும் அந்த ஓரத்தில்தான். அதனால் 4.38 வரை திணிக்காமல் 4.2இல் நிறுத்துங்கள்.

தரத்துக்கு ஒரு எளிய கணக்கு. 600ஐ உங்கள் வீடியோவின் நிமிடத்தால் வகுங்கள். வருவதுதான் நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது, ஒலியும் சேர்த்து. 90 நிமிடமானால் 6.6. 120 நிமிடமானால் 5. 150 நிமிடமானால் 4. ஒலிக்கு 0.2 போக மீதி படத்துக்கு. 5க்கு மேல் நன்றாக இருக்கும். 4இல் பந்தல் விளக்கும் பட்டுச்சேலைக் கரையும் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரியும். 3க்குக் கீழே வந்தால் இரண்டு வட்டாகப் பிரியுங்கள். வீடியோ குட்டியாக, 40 நிமிடம்தான் என்றால் கணக்கு 15 என்று வரும். அதை நம்பிப் போடக் கூடாது. வீடியோ டிவிடியில் படத்துக்கு 9.8தான் உச்சம். வீட்டில் எழுதிய வட்டுக்கு 8க்கு மேல் போனாலே பழைய பிளேயர் திக்கித் திக்கி ஓடும்.

படிப்படியாக

முதல் வேலை போன் வீடியோவைச் சீராக்குவது. போன் கேமரா நொடிக்கு 30 சட்டம் என்று சொன்னாலும் வெளிச்சத்துக்கேற்ப அதைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். அதை அப்படியே டிவிடியாக்கினால் முதல் ஐந்து நிமிடம் வாயும் பேச்சும் ஒத்துப்போகும். அரை மணி நேரம் கழித்து உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். ஹேண்ட்பிரேக்கில் 'ஃபாஸ்ட் 576பி25' என்ற அமைப்பைத் தேர்ந்து, வீடியோ பகுதியில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதை அழுத்தி, தர எண்ணை 17 அல்லது 18க்கு இறக்குங்கள். எண் குறையத் தரம் கூடும். பின்னால் மறுபடி ஒரு சுருக்கல் இருப்பதால் இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். வீடியோக்காரர் நல்ல கேமராவில் எடுத்துத் தந்த கோப்பு ஏற்கெனவே சீராக இருக்கும். அதற்கு இந்தப் படி தேவையில்லை.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோவுக்கு இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதைத் தவிர்க்க இழுத்து விரித்தால் மாப்பிள்ளை பூசணிக்காயாகிவிடுவார். பட்டையோடு விடுங்கள்.

இனி டிவிடி ஸ்டைலர்.

1. புதுத் திட்டத்தில் கொள்ளளவு 4.7 ஜிபி, முறை பால், விகிதம் 16:9, ஒலி ஏசி3 என்று வையுங்கள். பழைய ஹேண்டிகேம் நாடாவிலிருந்து எடுத்ததானால் 4:3.

2. வட்டின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் மட்டும், 32 எழுத்துக்குள். கோப்புப் பெயர்களையும் அப்படியே எளிமையாக்குங்கள்.

3. வீடியோக்களை வரிசையாகக் கீழே இழுத்துப் போடுங்கள். தரத்தை 'ஆட்டோ' என்று விட்டால் இடத்துக்கேற்பத் தானே கணக்கிடும். மேலே சொன்ன 600 கணக்கோடு அது ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

4. முகப்புப் பட்டியலில் அத்தியாயங்கள் வையுங்கள். பெண் அழைப்பு, தாலி கட்டு, பந்தி என்று பெரியவர்களுக்குப் புரியும் பெயர்கள். எழுத்தைத் திரை ஓரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பழைய டியூப் டிவி நாலு பக்கமும் கொஞ்சம் வெட்டிவிடும்.

5. 'பர்ன்' அழுத்தியதும் வரும் சன்னலில் நேரடியாக வட்டில் எழுதச் சொல்லாதீர்கள். 'ஐஎஸ்ஓ இமேஜ் உருவாக்கு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வட்டின் மொத்த உருவமும் ஒரே கோப்பாகக் கணினியில் வரும். தற்காலிகக் கோப்புகளோடு சேர்த்து 10 முதல் 12 ஜிபி காலி இடம் வேண்டும்.

6. அந்த ஐஎஸ்ஓவை விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் திறந்து முகப்பு, அத்தியாயம், கடைசி ஐந்து நிமிடம் மூன்றையும் பாருங்கள். கடைசியில் உதடும் சத்தமும் ஒத்துப்போனால் நடுவிலும் சரியாகத்தான் இருக்கும்.

ஐஎஸ்ஓவாகச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. படத்தை மாற்றுவது மணிக்கணக்கில் நடக்கும் வேலை. எழுதுவது பத்து நிமிட வேலை. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால், நடுவில் கரண்ட் போனால் நேரமும் போச்சு, வட்டும் போச்சு. பிரித்துவிட்டால் பிறகு எத்தனை பிரதி வேண்டுமானாலும் அந்த ஒரே கோப்பிலிருந்து எழுதிக்கொள்ளலாம். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் வேறு கணினிக்குக் கொண்டுபோகும்போது கோப்பு மிகப் பெரிது என்று வந்தால் பென்டிரைவ் ஃபேட்32 வகையில் இருக்கிறது என்று பொருள். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள்.

எழுதும் கட்டம். ஐஎம்ஜிபர்னைத் திறந்து 'ரைட் இமேஜ் ஃபைல் டு டிஸ்க்'. ஐஎஸ்ஓவைத் தேர்ந்து, காலி வட்டைப் போட்டால் வலப்பக்கம் அந்த வட்டின் ஜாதகமே வரும். தயாரிப்பாளர் குறியீடு, அது ஏற்கும் வேகங்கள் எல்லாம் அங்கே தெரியும். வேகம் 8 எக்ஸ் வையுங்கள். 16 எக்ஸில் எழுதினால் மிச்சமாவது மூன்று நாலு நிமிடம்தான், ஓரத்தில் பிழை கூடும். மெதுவாக எழுதினால் இன்னும் நல்லது என்று 1 அல்லது 2 எக்ஸ் தேடுவதும் தப்பு. இன்றைய வட்டின் சாயம் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதில்லை. 'வெரிஃபை' குறியைப் போட்டே வையுங்கள். எழுதி முடித்ததும் டிரே தானாக வெளியே வந்து உள்ளே போய், எழுதியதை முழுக்கப் படித்துப் பார்க்கும். மெல்லிய ரைட்டரானால் நீங்களே தள்ளிவிட வேண்டும். அது முடியும்வரை கணினியில் வேறு கனமான வேலை வேண்டாம்.

பிளஸ் ஆர் வட்டுதான் கையில் இருக்கிறது என்றால், எழுதுமுன் புத்தகப் படம் போட்ட பொத்தானில் 'புக் டைப்' என்பதை டிவிடி ரோம் என்று மாற்றுங்கள். கடையில் அச்சடித்த வட்டு என்று நினைத்துப் பழைய பிளேயர் ஏற்றுக்கொள்ளும். எல்லா ரைட்டரும் இதை அனுமதிக்காது. மைனஸ் ஆரில் இந்த வசதி கிடையாது.

பரணில் கிடக்கும் விசிடிகள்

2000ஐ ஒட்டி நடந்த கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு எல்லாம் இந்தக் கரையில் இரண்டு மூன்று விசிடியாகத்தான் இருக்கும். பாம்பன் பழைய பாலத்தில் ரயில் போவதைக் கையால் ஆட்டி ஆட்டி எடுத்த பதிவும் சில வீடுகளில் உண்டு. 1914இல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலமும் வந்துவிட்டதால் அவற்றுக்குத் தனி மதிப்பு. இவற்றை முதலில் காப்பாற்றுங்கள். விசிடி வழக்கமாக மற்ற வட்டுகளைவிட முந்திச் சாகும். சாதாரணத் தரவு சிடியில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்த வரிசையை எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் படத்தை அடைத்து வைத்திருப்பதுதான் காரணம்.

வட்டைத் திறந்தால் 'எம்பெக்ஏவி' கோப்புறையில் 'டேட்' என்று முடியும் கோப்பு இருக்கும். அதைக் கணினிக்கு நகலெடுத்து, விசிடிகியர் என்ற சிறு மென்பொருளில் கொடுத்தால் எம்பெக் கோப்பாக மாற்றித் தரும். பெயரின் வாலை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்வார்கள். சில இடத்தில் ஓடும், சில இடத்தில் கட்டம் கட்டமாக உடையும். நகலெடுக்கும்போது நடுவில் நின்றால் வட்டைக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள், வேறு டிரைவிலும் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது சகஜம்.

இதில் ஒரு நல்ல செய்தி. விசிடியின் எம்பெக்-1 படத்தை, 352 க்கு 288 அளவிலேயே டிவிடி விதி ஏற்றுக்கொள்ளும். ஒலி மட்டும்தான் ஒத்துவராது, விசிடியில் 44.1, டிவிடிக்கு 48 வேண்டும். ஆகவே டிவிடி ஸ்டைலரில் அந்த வீடியோவின் பண்புகளில் படத்துக்கு 'காப்பி', ஒலிக்கு ஏசி3 என்று வைத்தால் படத்தின் தரம் துளியும் குறையாமல், வேலையும் சட்டென்று முடியும். ஐந்து விசிடி ஒரு டிவிடியில் அடங்கும். புது வீடியோவையும் இதோடு கலக்காதீர்கள். இரண்டு அளவுப் படங்கள் ஒரே தொகுப்பில் இருந்தால் பிளேயர் குழம்பும். விசிடியைப் பெரிதாக்கினால் தெளிவாகும் என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். இல்லாத புள்ளி எங்கிருந்தும் வராது.

கோளாறுகளும் காரணங்களும்

எழுதத் தொடங்கியதுமே 'பவர் கேலிபிரேஷன்' பிழை வந்தால், ஒளியின் அளவைச் சோதித்துப் பார்க்கும் முதல் படியிலேயே ரைட்டருக்கும் வட்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். வேறு நிறுவன வட்டைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வந்தால் லென்ஸ் அழுக்கு அல்லது ரைட்டர் மூப்பு.

எழுதி முடித்து, சரிபார்க்கும்போது 'எல்-இசி அன்கரெக்டபிள்' என்று வந்தால் வட்டு குப்பைக்கு. அதுவும் எப்போதும் 90 சதவீதத்துக்கு மேல்தான் வருகிறது என்றால் வட்டின் ஓரம் மட்டம். வேகத்தைக் குறைத்து, அளவையும் குறையுங்கள். 'செமஃபோர் டைம்அவுட்' என்றால் வட்டைச் சந்தேகிக்காமல் கேபிளையும் யுஎஸ்பி துளையையும் மாற்றுங்கள்.

கணினியில் ஓடுகிறது, பிளேயரில் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம். தரவு வட்டாக எழுதியிருக்கிறீர்கள், அல்லது வட்டை மூடவில்லை, அல்லது அந்தப் பிளேயரின் லென்ஸுக்கு வயதாகிவிட்டது. கடைசியைச் சோதிக்கக் கடையில் வாங்கிய வட்டொன்றைப் போட்டுப் பாருங்கள். அது ஓடி, வீட்டில் எழுதியது ஓடவில்லை என்றாலும் பிளேயர்மேல் சந்தேகம் நீங்காது. அச்சடித்த வட்டு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும், எழுதியது கொஞ்சம் மங்கல்தான்.

மின்வெட்டு. டெஸ்க்டாப்பானால் யுபிஎஸ் இல்லாமல் எழுதவே வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்த இமைப்பொழுதே சில கணினிகளை அணைத்துவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளிலும், ஏசியெல்லாம் ஓடி வோல்டேஜ் இறங்கும் கோடை ராத்திரியிலும் தவிர்த்து, விடிகாலையில் எழுதுங்கள். பாதியில் நின்ற ஆர் வகை வட்டைத் திருத்த வழியில்லை. கருவாடு காயும் இடத்தில் கயிற்றில் கட்டினால் காக்கையாவது விலகும்.

டிரே திறக்காமல் சிக்கினால் மின்சாரத்தைத் துண்டித்து, முகப்பில் உள்ள ஊசித்துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராகத் தள்ளுங்கள்.

கடல் பக்கம் இருப்பதால்

மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் சைக்கிள் செயின் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ரைட்டருக்குள்ளும் இரும்புத் தண்டும் திருகும் இருக்கின்றன. வேலை முடிந்ததும் ரைட்டரைத் தடித்த பாலிதீன் பையில் சிலிகா ஜெல்லோடு போட்டுக் கட்டி வையுங்கள். மெல்லிய ரைட்டரில் டிரேயோடு சேர்ந்து லென்ஸும் வெளியே வரும். ஆனி ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும்போது டிரேயைத் திறந்து வைத்துவிட்டு வட்டைத் தேடப் போகாதீர்கள். லென்ஸில் தூசி படிந்தால் காற்றுப் பந்தால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படியும். மசமசப்பு இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, அழுத்தாமல் ஒரு தடவு.

ஏசி அறையில் இருந்த வட்டையோ ரைட்டரையோ வெளியே புழுக்கத்துக்குக் கொண்டுவந்ததும் ஓட்ட வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலில் வேர்ப்பதுபோல லென்ஸிலும் வேர்க்கும். அரை மணி நேரம் பையிலேயே கிடக்கட்டும்.

வட்டில் பூஞ்சையோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவலாம். கடைசி அலசல் மட்டும் காவிரித் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ இருக்கட்டும். நம்மூர் போர் தண்ணீர் காய்ந்தால் உப்புத் திட்டு விட்டுப்போகும், துடைத்தால் அதுவே கீறும். பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் வரும் கீறல் எழுத்து ஓடும் திசையிலேயே நீளமாக விழும். அதைத் திருத்துவது பிளேயருக்குக் கஷ்டம்.

பெயர் எழுத சிடி மார்க்கர், அதுவும் நடுவில் உள்ள தெளிவான வளையத்தில். காகித ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். ஈரத்தில் ஒரு பக்கம் சுருங்கினால் சுழலும் வட்டு ஆடும்.

வைக்கும் இடம் வெயிலும் தகரக் கூரைச் சூடும் படாததாக இருக்க வேண்டும். எழுதும் வட்டில் இருப்பது சாயம். வெயிலில் சேலை வெளுப்பதுபோல அதுவும் வெளுக்கும். டிவி மேல், ஃபிரிட்ஜ் மேல், சன்னல் ஓரம் மூன்றும் கூடாது. பனையோலைப் பெட்டி கருப்பட்டிக்குச் சரி, ஈரத்தை உறிஞ்சுவதால் வட்டுக்குச் சரிவராது. இறுக்கி மூடும் எவர்சில்வர் சம்படமோ பிளாஸ்டிக் டப்பாவோ எடுத்து, ஒவ்வொரு வட்டையும் கெட்டி உறையில் நிற்கவைத்து, சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். நிறம் மாறும் மணிகளானால் ஈரம் ஏறியது கண்ணுக்குத் தெரியும். அவற்றைச் சூடுபடுத்திக் காயவைக்கும்போது சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

முக்கியமான வீடியோவுக்கு இரண்டு வட்டு, இரண்டு வேறு நிறுவனத்துடையது, இரண்டு வேறு வீட்டில். ஐஎஸ்ஓ கோப்பை ஹார்ட் டிஸ்கிலும் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, வாடை ஓய்ந்து மாசி பிறந்ததும் வட்டை எடுத்து ஐஎம்ஜிபர்னின் 'வெரிஃபை டிஸ்க்' கட்டத்தில் போட்டுப் பாருங்கள். படிக்கும் வேகம் ஓரத்தில் திடீரென்று இறங்கினாலோ, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முயன்றாலோ, பிழைச் செய்தி வருமுன்பே அன்றைக்கே புது வட்டில் எழுதிவிடுங்கள்.